சும்மா நின்றவர்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக நீ போன் செய்த அன்று நான் வேலையில் இருந்தேன். அம்மா பேசி முடித்து, குட்டி பேசி முடித்து, எனக்கென்று மிஞ்சியது நீ அங்கே குளிருக்குக் கையுறை வாங்கிய செய்தி மட்டும்தான். நம் வீட்டில் போனில் பேசுவது சந்தையில் நின்று பேசுவது மாதிரி. இருக்கிற இரண்டு அறையில் யார் எதைச் சொன்னாலும் எல்லார் காதிலும் விழும். அதனால் வேலைக்கு நடுவே கிளினிக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே பல் டாக்டர் யாருக்கோ குடைந்துகொண்டிருக்கிறார். வெளியே வரிசையில் இருப்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். கணுக்கால் எப்படி இருக்கிறது? அந்தப் பெரிய கிளப்பில் டாக்டர்கள் பார்த்தார்களா? உன் அத்தான் தினமும் விசாரிக்கிறார். இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தாயே, அன்று பார்க்கவே பாவமாக இருந்தது. "ஓரத்துக்குத் திருப்பி அடிக்க முடியல அத்தான். பெனால்டி வந்தா நேரா நடுவுலதான் அடிக்கணும். எங்க கோச்சுக்குத் தெரிஞ்சா வெளியில உட்கார வச்சிருவாரு, யார்கிட்டயும் சொல்லிராதீங்க"ன்னு நீ சொன்னதும், அவர் தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு, உன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக் கட்டுப் போட்டார். மறுநாள் நீ கேபிள் கம்பெனிக்கு ஆடப் போகிறாய், அவர் பேப்பர் மில்லுக்குக் கோலைக் காக்கப் போகிறார். ஆனாலும் கட்டு இறுக்கமாக இருக்கிறதா, தளர்வாக இருக்கிறதா என்று உன்னிடம் எத்தனை தடவை கேட்டார்!

ஆட்டத்தைப் பற்றி நீ வருத்தப்படாதே. ஆட்டம் என்றால் ஒருத்தர் ஜெயிக்கத்தான் செய்வார்கள். கடைசி பெனால்டி உன் காலுக்கே வரும் என்று யார் கண்டது? அவர் நடுவில் நின்றார். பந்து வலது ஓரமாக, அவசரமே இல்லாமல் உருண்டு போனது. சும்மா சாய்ந்திருந்தால்கூடக் கை எட்டியிருக்கும் என்று என் பக்கத்தில் இருந்தவர்கள் கத்தினார்கள். அவர் அசையவில்லை. நான்கூட ஒரு நொடி எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் அந்தக் கோலைப் பார்த்துத்தானே பெரிய கிளப்பிலிருந்து உன்னைத் தேடி வந்தார்கள். நம் குடும்பத்தில் ஒருத்தருக்கு நல்லது நடந்தால் சரி. இதைச் சொன்னது நான் இல்லை, அவர்தான்.

அவருடைய கோச் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம், "ஏன்யா நின்ன? ஒரு பக்கம் விழுந்திருக்கலாமே?" என்று. உன் காலைப் பற்றி வெளியே சொல்லக் கூடாது என்று நீ கேட்டுக்கொண்டதால் அவர் வாயைத் திறக்கவில்லை. இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. புதிதாகச் சேர்ந்த இடத்தில் உனக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதாம்.

அம்மா உன் கோலின் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வாங்கி வந்திருக்கிறாள். டிவிக்கு மேலே மாட்டியாகிவிட்டது. படத்தில் நீ காற்றில் இருக்கிறாய். பின்னால் அவர், இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர் மாதிரி நிற்கிறார். ஆணி அடித்துக் கொடுத்தது அவரேதான். "கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சிருக்கு மாப்பிள்ளை, நேரா வைங்க" என்றாள் அம்மா. நேராக வைத்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். காலுக்கு ஓய்வு கொடு.

என்றும் உன் நினைவில்,
அக்கா


அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய சட்டை குட்டிக்குச் சரியாக இருக்கிறது. முதுகில் உன் நம்பர் இருப்பதால் துவைக்கப் போட மாட்டேன் என்கிறாள். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பேப்பரில் உன் பெயர் வரும்போதெல்லாம் தேவலை ஆகிவிடும். வராத வாரம் மாடிப்படி ஏற முடியாது.

இந்தத் தடவை அவரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

மில்லில் அவருக்கு இப்போது "தூண்" என்று பெயர். யார் வைத்தது என்று தெரியவில்லை. கேண்டீனில் சாப்பாட்டுக்கு நிற்கும்போது பின்னால் வருபவன் அவர் தோளில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, "அப்பாடா, தூண் இருக்கு"ன்னு சொல்வானாம். எல்லாரும் சிரிப்பார்களாம். முதலில் அவரும் சிரித்தார். ஒரு நாள் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது முதுகில் காகிதம் ஒட்டியிருந்தது. "இங்கே நோட்டீஸ் ஒட்டாதீர்." அதோடு பஸ்ஸில் வந்திருக்கிறார், கடையில் பால் வாங்கியிருக்கிறார், நம் மாடிப்படி ஏறியிருக்கிறார். குட்டிதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சின்னப் பிள்ளை, என்ன செய்வது?

நான் ஒரு நாள் கேட்டேன், தோற்றது ஒரு பெனால்டிதானே, இத்தனை நாளாக ஏன் இப்படிப் போட்டு அரைக்கிறார்கள் என்று. அவர் சொன்னார், "தப்பான பக்கம் பாஞ்சிருந்தா தட்டிக்கொடுத்திருப்பாங்க. பாவம், முயற்சி பண்ணான்னு சொல்லியிருப்பாங்க. பந்து போனது ஒண்ணுதான். ஆனா சும்மா நின்னவனை யாருக்கும் பிடிக்காது." கோபமே இல்லாமல், யாரோ ஒரு மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார்.

அவரை டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள். கையுறைகளைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் அவருக்கு நிற்கவே வருவதில்லை. சாலையைக் கடக்கும்போது வண்டி வருகிறதா என்று பார்ப்பதற்குள் இறங்கிவிடுகிறார். நான் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது. கடையில் இது வேண்டுமா அது வேண்டுமா என்று கேட்டால் யோசிக்காமல் எதையாவது எடுத்துவிடுகிறார். வீட்டில் டம்ளர் மேசை ஓரத்தில் இருந்தால் போதும், விழுவதற்கு முன்னாலேயே பாய்ந்து பிடிக்கப் போகிறார், அந்தப் பாய்ச்சலிலேயே அது கீழே விழுந்துவிடுகிறது. குட்டி நடைவழியில் அவரை நிறுத்தி வைத்துப் பந்து எறிவாள். "இடது பக்கம் எறியறேன்ப்பா"ன்னு சொல்லிவிட்டு வலது பக்கம் எறிவாள். "மாமா மாதிரி!"ன்னு கைகொட்டுவாள். அவர் ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் விழுகிறார். அவளைச் சிரிக்க வைக்கத்தான் விழுகிறார் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் முழங்கையில் ரத்தம் வந்தது. அதற்குப் பிறகும் எழுந்து நின்று, "இன்னொரு தடவை எறி"ன்னார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

இனி போன வாரம் நடந்தது. இதை எனக்குச் சொன்னது எதிர் வீட்டுக்காரி. அவள் மில்லில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

மில்லில் எல்லாரையும் பெரிய அறையில் உட்கார வைத்து ஒரு பயிற்சி. "சரியான முடிவு எடுப்பது எப்படி" என்று தலைப்பாம். டை கட்டிய ஒருத்தர் வந்து திரையில் ஒரு வீடியோ போட்டார். வீடியோவில் நீ. ஏதோ பெரிய கம்பெனி மேனேஜர்களுக்கு நீ பேசுகிறாயாம். விளையாட்டிலிருந்து மனித மனசைப் பற்றி நீ என்ன கற்றுக்கொண்டாய் என்று. நீ இப்படியெல்லாம் பேசப் போகிறாய் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. நன்றாகப் பேசினாயாம். எதிர் வீட்டுக்காரி சொன்னதை எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்து.

"ஒரு கோல்கீப்பருக்கு ரொம்பக் கஷ்டமான வேலை சும்மா நிக்கிறது. பாஞ்சு தோத்தா ஊரு மன்னிக்கும், நின்னு தோத்தா மன்னிக்காது. அது எல்லா கோல்கீப்பருக்கும் தெரியும். அதனால யாரும் நிக்க மாட்டாங்க. ஒருத்தனை நிக்க வைக்கணும்னா ஒரே வழிதான். அவன் உன்னை முழுசா நம்பணும். நான் முந்தின நாள் அவர் வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டேன். கால்ல அடின்னு சொன்னேன். அவரே கட்டுப் போட்டுவிட்டாரு."

அந்த இடத்தில் உன் முன்னால் இருந்த மேனேஜர்கள் ரொம்ப நேரம் சிரித்தார்களாம். நீயும் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாயாம்.

டை கட்டியவர் அந்தப் பெனால்டிப் படத்தைத் திரையில் நிறுத்தி வைத்து, "இந்தக் கோல்கீப்பர் செஞ்ச தப்பு என்ன?" என்று கேட்டிருக்கிறார். அது யார் என்று அவருக்குத் தெரியாது. பின் வரிசையிலிருந்து எவனோ, "சார், அந்தத் தூண் இங்கேயே உட்கார்ந்திருக்கு சார்!" என்று கத்தினான். டை கட்டியவருக்கு லாட்டரி விழுந்த மாதிரி சந்தோஷம். உன் அத்தானை மேடைக்குக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, மைக்கைக் கொடுத்து, அந்த நொடியில் உங்கள் மனசில் என்ன ஓடியது என்று கேட்டார்.

அவர் திரையைப் பார்த்தார். பிறகு, "அவனுக்கு வலிக்குமேன்னு நினைச்சேன்" என்றார்.

அப்புறம் ஒருத்தன் சிரித்தான். ஒருத்தன் ஆரம்பித்தால் போதாதா? டை கட்டியவர், "எவ்வளவு நேர்மையான பதில், எல்லாரும் ஒரு கைதட்டல் கொடுங்க" என்றார். எல்லாரும் தட்டினார்கள். அவரும் தட்டினாராம், மைக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

வீட்டுக்கு வந்து வழக்கம் போலச் சாப்பிட்டார். நான் தாங்க முடியாமல் கேட்டதும், "மேடையில அவன் அப்படிப் பேசினாத்தான் கை தட்டுவாங்க. அவன் நிசமாவே நடுவுல அடிக்கத்தான் வந்திருப்பான். கடைசி அடியில கால் மடங்கியிருக்கும், பந்து ஓரமா போயிருக்கும். திட்டம் போட்டு அடிச்சேன்னு இப்பப் பெருமைக்குச் சொல்றான். சின்னப் பையன்" என்றார். சொல்லிவிட்டு எழுந்து டிவிக்கு மேலே இருந்த படத்தைத் துடைத்தார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். அன்றைக்கு உனக்குக் கால் வலித்ததா, இல்லையா? ஒரு வார்த்தையில் எழுது. வீட்டுக்கு எழுதாதே, கிளினிக் முகவரிக்கு எழுது.

பதிலை எதிர்பார்த்து,
அக்கா


தம்பிக்கு,

உன் பதில் வந்தது. நான் ஒரு வார்த்தை கேட்டேன், நீ மூன்று வரி எழுதியிருந்தாய். "வலிக்கவில்லை. அது விளையாட்டு, அக்கா. அத்தானும் என் இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்." கடைசி வரியை எழுதும்போது உனக்கே நம்பிக்கை இருந்திருக்காது. அந்தக் காகிதத்தைப் பஞ்சும் ரத்தமுமாகக் கிடந்த கிளினிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டேன். உன் கடிதம் வந்ததா என்று அவர் கேட்டபோது இன்னும் வரவில்லை என்று சொன்னேன். "பாவம், ஆட்டத்துல பிசியா இருப்பான்" என்றார்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். அம்மா போனில் "மாப்பிள்ளைக்குக் கையில் சின்ன அடி"ன்னு சொல்லியிருப்பாள். நீ ஆட்டத்துக்குப் போகிற நேரம், மனசு கலங்கக் கூடாது என்று நினைத்திருப்பாள். சின்ன அடி இல்லை.

மில்லில் அவர் வேலை உனக்குத் தெரியும். பெரிய பெரிய காகித உருளைகளை லாரியில் ஏற்றுகிற இடத்தில் மேற்பார்வை. ஒவ்வொரு உருளையும் ஒரு ஆள் உயரம், ஒரு மாட்டின் எடை. அந்த இடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது, விழுவதை விழ விடு, கையை எடு, பின்னால் போ. புதிதாக வருகிற ஒவ்வொருத்தரையும் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, அதை மூன்று தடவை சொல்ல வைத்துத்தான் உள்ளே விடுவார். அத்தனை வருஷத்தில் அவர் பிரிவில் ஒருத்தருக்குக்கூட நகம் பெயர்ந்ததில்லை.

அன்று தூக்குகிற வண்டியின் பிடியிலிருந்து ஒரு உருளை நழுவியிருக்கிறது. கீழே யாரும் இல்லை. பக்கத்திலும் யாரும் இல்லை. எல்லாரும் அவர் சொல்லிக் கொடுத்தபடி கையை எடுத்துவிட்டுப் பின்னால் போனார்கள். அவர் மட்டும் பாய்ந்தார். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, வலது பக்கமாக.

வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிச்சம். மணிக்கட்டு இனி மடங்காது என்று டாக்டர் சொல்கிறார்.

அந்த உருளை என்ன ஆயிற்று என்று மேனேஜரிடம் கேட்டேன். ஓரம் கிழிந்திருந்ததாம். மறுபடியும் தண்ணீரில் போட்டுக் கூழாக்கிவிட்டார்களாம். ஓரம் கிழிகிற உருளையை எப்போதும் அப்படித்தான் செய்வார்களாம்.

ஆஸ்பத்திரிக்கு மில்லே திரண்டு வந்தது. கட்டில் பக்கத்தில் நிற்க இடம் இல்லை. தோளில் சாய்ந்தவன், காகிதம் ஒட்டியவன் எல்லாரும் வந்தார்கள். மேனேஜர் பூங்கொத்து கொடுத்துவிட்டு, "இப்பத்தான்யா நம்ம கோல்கீப்பர் பாஞ்சாரு!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நர்ஸ் வந்து அதட்டும்வரை தட்டினார்கள். இப்போது அவர் பெயர் தூண் இல்லை, புலி. பழைய கோச் வந்து அவர் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, டீமுக்குக் கோல்கீப்பர்களைப் பழக்க அவரைத்தான் கூப்பிடப் போவதாகச் சொன்னார். எல்லாரும் போன பிறகு அவர் என்னைப் பார்த்து, "இந்தத் தடவை நான் சும்மா நிக்கல, பாத்தியா?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்று சொன்னேன்.

அவர் சந்தோஷமாக இருக்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வலிக்கிறது என்று ஒரு தடவை கத்தியிருந்தால் நானும் கூடக் கத்தியிருப்பேன். கேண்டீனில் தனக்குத் தனி நாற்காலி போட்டிருக்கிறார்கள் என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சொல்கிறார். இடது கையால் சாப்பிடப் பழகுகிறார். பாதி மடியில்தான் விழுகிறது. குட்டி இப்போது அவருக்குப் பந்து எறிவதில்லை. உன் நம்பர் போட்ட சட்டையைத் துவைக்கப் போட்டிருக்கிறாள்.

உன்னை நான் திட்டப் போவதில்லை. உன் பேச்சை நானும் முழுசாகப் பார்த்துவிட்டேன். நின்று தோற்றவனை ஊர் மன்னிக்காது என்று நீயே சொல்கிறாய். அப்படியானால் அன்று எங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போதே அது உனக்குத் தெரிந்திருக்கிறது. அவர் உன் காலைத் தன் மடியில் வைத்திருந்தபோதும் தெரிந்திருக்கிறது. ஜெயிக்க வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இருக்காது? அதற்கு நீ அவர் கையைக் கட்டியிருக்கலாம், கண்ணைக் கட்டியிருக்கலாம். நீ போயும் போயும் அவருடைய நல்ல குணத்தைப் பிடித்தாய். அது ஒன்றுதான் அவரிடம் சுலபமாகக் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.

இப்போது மில்லில் அவருக்குப் பாராட்டு விழா வைக்கிறார்கள். தலைமை விருந்தினராக உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் மேலாளர் உடனே சரி என்று சொல்லிவிட்டாராம். கூடவே, வீடியோ எடுத்துக்கொள்ளலாமா, உன் பேச்சில் இதைக் கடைசிப் பகுதியாகச் சேர்த்தால் கேட்பவர்களுக்கு மனசு நிறையும் என்றும் கேட்டாராம். மில்லிலும் சரி என்று சொல்லிவிட்டார்கள். அவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். இடது கையால் கோணல் மாணலாகப் போட்டுவிட்டு, "தம்பிக்கு உபயோகப்பட்டா சரி" என்றார்.

வராதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அவர் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். உனக்குப் பிடிக்குமே என்று மீன் எங்கே நன்றாகக் கிடைக்கும் என்று எதிர் வீட்டுக்காரியிடம் விசாரித்து வைத்திருக்கிறார். அம்மா புதுப் புடவை எடுத்துவிட்டாள். நீ வராமல் போனால் அதற்கும் அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து உன்னைக் காப்பாற்றுவார். அதை இன்னொரு தடவை கேட்க என்னிடம் தெம்பு இல்லை.

அதனால் வா. மேடையில் அவர் இடது கையைத்தான் நீட்டுவார். நீ பழக்கத்தில் வலது கையை நீட்டிவிட்டு, எல்லார் முன்னாலும் தடுமாறாதே. நீயும் இடது கையைக் கொடு.

விழா முடிந்ததும் உன்னை ஒரு ஓரமாகக் கூப்பிடுவார். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார், என்ன கேள்வி என்று உனக்கே தெரியும். கடைசி அடியில் கால் மடங்கிவிட்டது அத்தான், நடுவில்தான் அடிக்க வந்தேன் என்று சொல். அவர் கண்ணைப் பார்த்துச் சொல், உனக்கு அது வரும். நீ எதைச் சொன்னாலும் நம்புகிற மனிதர் இந்த உலகத்தில் இன்னும் ஒருத்தர் இருக்கிறார், அந்த ஒருத்தருக்காகச் சொல். சொல்லும்போது என் பக்கம் மட்டும் திரும்பிவிடாதே.

சொல்லி முடித்ததும், அவர் எவ்வளவு வற்புறுத்தினாலும் எங்கள் வீட்டில் சாப்பிட உட்காராமல் கிளம்பிவிடு.

நீ எங்கே இருந்தாலும், எத்தனை ஆட்டம் ஆடினாலும், உன் கால்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த
அக்கா